மாராபுரத்து ஒழுங்குப் பாய்

ஒரு விடுகதை போடுகிறேன், யோசித்துப் பதில் சொல்லுங்கள். காலில்லை, வாசல் வாசலாக வரும். வாயில்லை, வந்த இடமெல்லாம் ஒரே கேள்வி கேட்கும். விரித்தது ஒருத்தி, சுருட்ட ஒருவருமில்லை. அது என்ன?

வேறு ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டால் ஒருவன் நிழல் என்பான், ஒருத்தி புகை என்பாள், கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று நத்தை என்று சொல்லிவிட்டு, நத்தைக்கு வாயுண்டா இல்லையா என்று தானே குழம்பும். செம்மணல் மேடுகளான தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கிற மாராபுரத்தில் கேட்டால் பிள்ளைகள் பதில் சொல்ல மாட்டார்கள்; குனிந்து தரையைப் பார்த்து, காலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். பதில், பாய். சாதாரணப் பனையோலைப் பாய். அது எப்படி வாசல் வாசலாக வந்தது என்பதுதான் இந்தக் கதை.

மாராபுரத்துக்காரர்கள் தங்களைப் பிரிக்கப்பட்டவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். எதிலிருந்து பிரிந்தீர்கள் என்று கேட்டால், எல்லாவற்றிலிருந்தும் என்பார்கள். அங்கே பெண்கள் பூ வைப்பதில்லை, ஆண்கள் மீசை வைப்பதில்லை, சுவரில் படமில்லை, கலியாணத்தில் மேளமில்லை, வெள்ளையைத் தவிர வேறு நிறத்தில் துணியில்லை; சுற்றிலும் செக்கச் சிவந்த மணல் பறக்கிற ஊரில் எல்லாரும் வெள்ளை உடுத்தியதால், வாழ்நாளில் பாதி துவைப்பதிலேயே போயிற்று. சனிக்கிழமை பொழுது சாயும் முன் ஊர்க்கிணற்றின் கயிற்றையும் வாளியையும் கழற்றிக் கொண்டுபோய் ஜெபவீட்டு அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் இறைப்பது வேலை, ஞாயிற்றுக்கிழமை வேலை பாவம். அன்றைய ஆராதனையின் நடுவே முழங்கால் ஜெபம் ஒன்று உண்டு. சபையை நடத்துகிற பெரிய மூப்பர் செப்பனியா ஆமென் சொல்லும்வரை ஒருவரும் கண் திறக்கக் கூடாது, ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது, தேள் கொட்டினாலும் கூடாது. ஒருமுறை ஒருவரைக் கொட்டியது, அவர் எழுந்திருக்கவில்லை, அதை இன்னும் பெருமையாகச் சொல்வார்கள்.

பாய் அந்தச் சபையின் சொத்து. ஒழுங்குப் பாய் என்று அதற்குப் பெயர். ஒழுங்கை மீறியவர் ஜெபவீட்டு வாசலுக்கு உட்பக்கம் ஓரமாக அதைத் தன் கையால் விரித்து, தனியே உட்கார்ந்து, செய்ததை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கு இடம் அங்கேதான்; வாரநாளில் அவரோடு யாரும் பேசக் கூடாது. சொல்லி முடித்துவிட்டாலோ சபை முழுவதும் அவரைக் கட்டிக்கொண்டு அழும், அவர் பாயைச் சுருட்டிப் பரணில் வைப்பார், அன்றைக்கு ஊருக்கே ஒரு வீட்டில் சாப்பாடு. இன்னொரு சட்டமும் இருந்தது. தண்டனையில் இருப்பவரைத் தவிர வேறு யாராவது அந்தப் பாயைத் தொட்டால், கை பட்டாலும் கால் பட்டாலும், தெரிந்து பட்டாலும் தெரியாமல் பட்டாலும், அவரும் மனதில் ஒளித்து வைத்திருப்பதை அங்கேயே நின்று சொல்லியாக வேண்டும். அதனால் பாய்க்குப் பக்கத்தில் போகும்போது ஆண்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள், பெண்கள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

அந்த வருடம் பாயில் உட்கார்ந்தவள் திர்சாள். சின்ன வயதுக்காரி, புருஷன் பனையிலிருந்து விழுந்து செத்துப் போனான், பதநீர் காய்ச்சுகிற கொட்டகையில் வேலை செய்து தீமோ என்ற மகனை வளர்த்தாள். தீமோவுக்கு முன்பல் விழ ஆரம்பித்திருந்தது. திர்சாள் வேலைக்குப் போகிற நாட்களில் அவனைப் பார்த்துக்கொண்டது பெரிய மூப்பரின் மகள் பெர்சியாள். முள் குத்தினாலும் ஆடு முட்டினாலும் மரத்திலிருந்து இறங்கத் தெரியாவிட்டாலும் தீமோ ‘பெர்சிக்கா’ என்று ஒரு குரல் கொடுப்பான், அவள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு ஓடுவாள், இது ஊருக்கெல்லாம் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலோரத்து ஊரில் திருவிழா. அங்கே பெரிய ராட்டினம் போட்டிருக்கிறார்கள், உச்சிக்குப் போனால் கப்பல் தெரியும் என்று கொட்டகையில் யாரோ சொல்லியிருந்தார்கள். திர்சாள் மகனிடம், “பெர்சிக்கா கூட ஜெபத்துக்குப் போ, நான் தலைவலின்னு கேட்டா சொல்லு” என்று சொல்லிவிட்டு, ஒருவருக்கும் தெரியாமல் தேரி வழியாக நடந்து போய் ராட்டினத்தில் ஏறினாள். தீமோ ஜெபவீட்டுக்குள் போகவில்லை. கிணற்றடியில் விளையாடினான். ஜெபம் முடிந்து எல்லாரும் வெளியே வந்தபோது அவன் கிணற்றில் மிதந்தான். கயிறும் வாளியும் ஜெபவீட்டு அறையில் பூட்டிக் கிடந்தன.

அடக்கம் முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, திர்சாள் பாயை விரித்து உட்கார்ந்து, செய்ததைச் சொன்னாள்.

“ராட்டினத்துல ஏறுனேன். நல்லாருந்துச்சு. எறங்கி, இன்னொரு தடவ ஏறுனேன்.”

“அதனால் வந்ததையும் சொல்லு மகளே,” என்றார் செப்பனியா மூப்பர். அவர் குரல் கடுமையான குரல் இல்லை. அடக்கத்தில் அவர்தான் அதிகமாக அழுதார். “என் பாவத்தால் என் பிள்ளை போனான் என்று சொல்லு. சொல்லிவிட்டு எழுந்து வா. இங்கே உன்னைக் கட்டிக்கொள்ளாத கை ஒன்று கிடையாது.”

“சொல்லுதேன் மூப்பரய்யா. அதுக்கு முன்ன எனக்கு ஒண்ணு தெரியணும். எம்பிள்ள கூப்பிட்டானா?”

ஜெபவீட்டில் விசிறி மட்டைகள் நின்றன.

“சத்தமில்லாம உள்ள போயிருந்தான்னா மொத்தப் பாவமும் எனக்குத்தான், நான் ஒத்துக்கிடுதேன். கூப்பிட்டிருந்தான்னா எனக்குத் தெரியணும்.”

“கிணறு ஆழம் திர்சாள். சத்தம் மேலே வராது.”

“வருமா வராதான்னு கேக்கலையே. கூப்பிட்டானான்னு கேட்டேன்.”

ஜெபவீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம் மட்டும்தான் நின்றது.

பாயில் உட்கார்ந்தவர், ஆராதனை முடிந்து ஒவ்வொருவராக வெளியே போகும்போது, ‘எனக்காக ஜெபியுங்கள்’ என்று சொல்ல வேண்டும், கடந்து போகிறவர் நின்று, ‘ஜெபிக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும், அது வழக்கம். திர்சாள் அந்த வழக்கத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்தாள். எனக்காக ஜெபியுங்கள் என்று சொல்ல வேண்டிய இடத்தில், ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்து, “எம்பிள்ள கூப்பிட்டானா?” என்று கேட்டாள். பாயில் இருப்பவர் பேசினால் பதில் சொல்லாமல் போகக் கூடாது என்பதால் ஒவ்வொருவரும் நின்றார்கள், நின்று, ‘இல்லை’ என்று சொன்னார்கள், ‘நாங்க ஒண்ணும் கேக்கல’ என்று சொன்னார்கள், ‘கண்ண மூடியிருந்தோம்லா’ என்று சொன்னார்கள், சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிக் கிணற்றைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

பெர்சியாளின் முறை வந்தபோது அவள் அம்மா லோவிசாள், “சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்” என்று தானே பதில் சொல்லி, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெர்சியாளுக்குத் தெரியும். அன்று ஜெபத்தின் நடுவில் அவள் கேட்டாள். தீமோ கூப்பிட்டான், அம்மா என்று கூப்பிடவில்லை, பெர்சிக்கா என்று கூப்பிட்டான், கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற குரலுக்குரிய எதிரொலியோடு கூப்பிட்டான். அவள் கண்ணைத் திறந்து ஒரு முழங்காலைத் தூக்கினாள். பக்கத்திலிருந்து அம்மாவின் கை வந்து அவள் பிடரியில் உட்கார்ந்து அழுத்தியது. மேலே அப்பாவின் குரல் உயர்ந்தது, உயர்ந்து, தீமோவின் குரல் நிற்கும்வரை இறங்கவில்லை. அவ்வளவு நீளமான ஜெபத்தை மாராபுரம் அதற்கு முன் கேட்டதில்லை. பெர்சியாளைப் போலவே அங்கிருந்த எல்லாரும் கேட்டார்கள். ஆனால் ஒவ்வொருவரும், உண்மையான சத்தமாக இருந்தால் இந்நேரம் வேறு யாராவது எழுந்திருப்பார்களே என்று நினைத்துக்கொண்டார்கள். கண்ணை மூடியிருந்ததால், யாரும் எழுந்திருக்கவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாய் வளர்ந்திருந்தது.

முதலில் கண்டவள் தொற்காள். கோழி வளர்க்கிறவள், கூட்டைத் திறந்ததுமே எந்தக் குஞ்சு குறைகிறது என்று சொல்லிவிடுகிற கண் அவளுக்கு.

“ஏ மல்கியா, பாயி வளந்திருக்கு பாத்தியா,” என்று பக்கத்தில் வந்த பனையேறியிடம் கிசுகிசுத்தாள்.

“பாயி எப்படிக்கா வளரும்? அது என்ன முருங்கையா?”

“போன வாரம் அவ மடக்கி வச்ச காலுக்கே பத்தாம இருந்துச்சு. இப்பப் பாரு, பக்கத்துல ஒரு ஆளு படுக்கலாம்.”

“அப்ப நீங்க போய்ப் படுங்க.”

“போடா அங்கிட்டு.”

அது எப்போது வளர்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் அது ஜெபத்தில் வளர்ந்தது. எல்லாரும் முழங்காலில் நின்று கண்ணை மூடியதும், வாசல் பக்கமிருந்து ஓலையோடு ஓலை உரசுகிற சத்தம் வரும், கூரையில் அணில் நடக்கிற மாதிரி மெல்ல ஆரம்பித்து, பிறகு யாரோ அவசரமாகப் பின்னுகிற மாதிரி விடாமல் கேட்கும்; எல்லாரும் கேட்டார்கள், ஒருவரும் கண் திறக்கவில்லை. ஆமென் சொல்லித் திரும்பிப் பார்த்தால் பாய் ஒரு படி இறங்கியிருக்கும். திர்சாள் அதைப் பின்னுகிறாளோ என்று சந்தேகப்பட்டார்கள்; அவள் கைகள் மடியில் இருந்தன. சுருட்டு என்று சொன்னார்கள். அவள் சுருட்டிப் பார்த்தாள். சுருள் அவள் தோள் உயரத்துக்கு வந்து, சரிந்து, தானே விரிந்துகொண்டது. இனி அது கிடந்த இடத்தில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

பாய் ஜெபவீட்டுப் படியெல்லாம் இறங்கித் தெருவுக்கு வந்ததும் செப்பனியா மூப்பர் அதற்கு விளக்கம் சொன்னார். பாய் குற்றவாளியைத் தேடிப் போகிறது, எந்த வாசலில் போய் நிற்கிறதோ அந்த வீட்டில் ஒளித்து வைத்த பாவம் இருக்கிறது, நாம் பொறுத்துப் பார்ப்போம் என்றார். கேட்டதும் ஊருக்கே நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் அது எந்த வீட்டுக்குப் போகும் என்பதில் ஒரு யூகம் இருந்தது, எவருடைய யூகமும் தன் வீடாக இல்லை.

அது தொற்காள் வாசலில் போய் நின்றது.

“என்னக்கா, என்ன செஞ்சீங்க? எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க,” என்று மல்கியா வேலிக்கு வெளியே நின்று கேட்டான்.

“சிரிடா சிரி. உன் வீடு என்ன அமெரிக்காவுலயா இருக்கு?”

அடுத்த ஞாயிறு பாய் கிளை பிரிந்து மல்கியா வீட்டு வாசலுக்கும் வந்தது. மல்கியா அரிவாளை ஒரு நீளக் கம்பில் கட்டி, கம்பால் தொட்டால் தொட்டதாகாது என்று மூப்பரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தூர நின்று பாயை அறுத்தான்; அறுத்த இடத்திலிருந்து இரண்டு பாய்கள் கிளம்பின, ஒன்று அவன் அண்ணன் வீட்டுக்குப் போயிற்று. அவன் மதினி ஒரு வருடம் அவனோடு பேசவில்லை. இரண்டு மூன்று வாசலில் பாய் கிடந்தபோது அது அவமானமாக இருந்தது. பாதி ஊர் வாசலில் கிடந்தபோது பயமாக இருந்தது. மற்ற எல்லா வாசலிலும் வந்து கிடந்து, மூப்பர் வீட்டு வாசல் ஒன்று மட்டும் வெறும் மணலாக இருந்தபோது, ஊரில் பாய் என்ற சொல்லையே யாரும் சொல்லவில்லை. படுக்கிற பாயைக்கூட விரிப்பு என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

அதன் பிறகு மாராபுரம் பாயோடு வாழப் பழகியது. வீட்டைவிட்டு வெளியே வருகிறவர் நிலைப்படியில் நின்று சேலையையோ வேட்டியையோ சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு தாவு தாவுவார்; கொஞ்ச நாளில் அந்த ஊர்க்காரர்கள் சந்தைக்குப் போனாலும் தரையில் ஒரு கோடு கண்டால் தாவினார்கள், பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் அவர்களைத் தவளை என்று கூப்பிட்டுவிட்டு ஓடினார்கள். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாய்க்கு மேலே கல் வைத்துப் பலகை போட்டார்கள். சிலர் பின்சுவரை இடித்துப் புது வாசல் வைத்தார்கள். அடுத்த ஞாயிறு பாய் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்கும் வந்தது. மழை பெய்தால் பாய் நனைந்தது, வெயிலடித்தால் காய்ந்தது, செல்லரிக்கவில்லை. தொற்காளின் கோழி ஒன்று அதன்மேல் உட்கார்ந்து முட்டையிட்டபோது, கோழிக்கு ஆத்துமா கிடையாது, ஆகவே கோழிமேல் குற்றமில்லை, ஆனால் முட்டை பாயைத் தொட்டிருக்கிறது, முட்டையை எடுக்கிறவர் பாயைத் தொட்டதைத் தொடுகிறார் என்று மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். பேச்சு முடிவதற்குள் கோழி அடைகாத்துக் குஞ்சும் பொரித்துவிட்டது, குஞ்சுகளைப் பற்றிப் பேசும் தெம்பு யாருக்கும் இல்லை.

வெளியூர்த் தபால்காரர் இசக்கிமுத்துவுக்கு மட்டும் பாய் பிடித்திருந்தது. தேரி மணலில் சைக்கிளைத் தள்ளியே பழகிய மனிதர் அவர். ஒருநாள் பாயின்மேல் ஏறி மிதித்துக்கொண்டு ஊருக்குள் வந்தார்.

“ஒரு வழியா உங்க ஊருக்கும் ரோடு போட்டுட்டான் போலிருக்கே!” என்று சொல்லிக்கொண்டே இறங்கி, பாயிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து தபால்களைப் பிரிக்க ஆரம்பித்தார். வாசலில் நின்ற பெண்கள் கையை வீசி, எந்திரிங்க எந்திரிங்க என்றார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையைப் பாயில் வைத்துப் பார்த்தார்.

“சூடா இருக்கே. இந்தப் பக்கம் நெழலுதானே? இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு.” இன்னும் கொஞ்சம் தடவிப் பார்த்துவிட்டு, “சின்னப் பிள்ள படுத்துக் கெடந்த எடம் மாதிரி,” என்றார்.

பெண்கள் வீட்டுக்குள் போய்விட்டார்கள். மல்கியா மட்டும் நின்று, பாயைத் தொட்டவர் மனதில் இருப்பதைச் சொல்ல வேண்டும் என்ற சட்டத்தை அவருக்கு எடுத்துச் சொன்னான்.

“சொல்லணுமா? சரி. போன மாசம் சினிமாவுக்குப் போறதுக்காக எங்க மாமியா செத்துப்போச்சுன்னு லீவு போட்டேன். மாமியா கல்லு மாதிரி இருக்காவ. போதுமா?” என்று சொல்லிவிட்டு அவர் பாயின்மேலேயே சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனார். அவர் பனைகளுக்கு நடுவே மறையும்வரை மல்கியா பார்த்துக்கொண்டு நின்றான்.

ஒவ்வொரு ஞாயிறும் திர்சாள் பாயின் தலைமாட்டில் உட்கார்ந்தாள், ஒவ்வொருவராகப் பலகைமேல் நடந்து வெளியே போனார்கள், அவள் ஒவ்வொருவரிடமும் கேட்டாள். அவள் தலைமுடி நெற்றியோரத்தில் நரைத்தது. கேள்வி மாறவில்லை, பதிலும் மாறவில்லை. பெர்சியாளின் முறை வரும்போது லோவிசாள் பதில் சொன்னாள்.

பிறகு ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து மூப்பர் குடும்பம் வீட்டுக்கு வந்தபோது, அவர்கள் வாசலில் பாய் கிடந்தது. மற்ற வீடுகளில் அது வாசலோடு நின்றது, இங்கே நிற்கவில்லை. நிலைப்படியைத் தாண்டி, கூடத்துக்குள் போய், செப்பனியா மூப்பரின் நாற்காலியைத் தொடாமல் ஓரமாக வளைந்து, போகப் போக அகலம் குறைந்து, அடுக்களையில் பெர்சியாள் வழக்கமாகச் சாப்பிட உட்காருகிற இடத்துக்கு எதிரே, ஒரு சின்னப் பிள்ளை உட்காருகிற அளவுக்கு முடிந்திருந்தது. பெர்சியாள் தட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் மூப்பர் அவளைக் கொல்லையில் வேப்பங்குச்சி ஒடிக்கிற இடத்துக்குக் கூப்பிட்டார்.

“ஊர் என்னைப் பார்க்கிறது பெர்சி. வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்றால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும். நான் பாயில் உட்கார்ந்தால் இந்தச் சபை அன்றைக்கே உடைந்துவிடும், தெரியுமா? நீ சொல்லு. சூதுவாது அறியாத பிள்ளை சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லு. அதோடு பாயை எரித்துவிடலாம்.”

“நான் கேட்டேம்ப்பா.”

மூப்பர் ஒடித்த குச்சியை இன்னும் சின்னதாக ஒடித்தார்.

“நீங்களும் கேட்டீங்க,” என்றாள் பெர்சியாள்.

“சாத்தான் பிள்ளைக் குரலில் கூப்பிடுவான் என்று படித்திருக்கிறேன். ஜெபத்தைக் கலைக்க வந்தவன் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன்.” பிறகு, ஜெபவீட்டில் பேசுகிற பேச்சை விட்டுவிட்டு, “அப்பாவுக்காகச் சொல்லுட்டி,” என்றார்.

மத்தியானம் லோவிசாள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணிகள், மூலைகளில் லேசாகச் செம்மண் நிறம். பெர்சியாள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா சொன்ன மாதிரி சொல்லணும்னு நான் சொல்லல,” என்றாள் லோவிசாள், மகளைப் பார்க்காமல். “எங்கைதான் அன்னைக்கு உன் பிடரியில இருந்துச்சு. அந்தக் கையாலதான் உனக்குத் தெனமும் சோறு போடுதேன். சொல்லணும்னு தோணிச்சுன்னா சொல்லு. ஆனா ‘பெர்சிக்கா’ன்னு கூப்பிட்டான்னு மட்டும் சொல்லாத. ‘அம்மா’ன்னு கூப்பிட்டான்னு சொல்லு. பெத்தவளுக்கு அது ஒரு ஆறுதல். உன் பேரும் இதுல வராது.”

“திர்சாள் சித்தி அப்ப ராட்டினத்துல இருந்தாங்களே.”

“ஆமா.”

“அம்மான்னு கூப்பிட்டான்னா, சித்திக்கு அது ஆறுதலாவா இருக்கும்?”

லோவிசாள் மடித்த வேட்டியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

“அப்ப ஆருக்கும் எதுவும் சொல்லாத,” என்றாள். “சொல்லிட்டா, காலத்துக்கும் இந்த ஊர்ல நீதான் அவன் கூப்பிட்டும் போகாதவ. எங்க எல்லாரையும் விட்டுட்டு உன்னத்தான் பாப்பாவ. அது உனக்குப் புரியுதா?”

“புரியுது,” என்றாள் பெர்சியாள்.

அந்த வாரம் முழுவதும் அவள் அடுக்களையில் பாய்க்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். பாயின் அந்தச் சின்ன நுனி நாளுக்கு நாள் கொஞ்சம் பள்ளமானது, தினமும் அங்கே யாரோ உட்கார்ந்து எழுந்திருக்கிற மாதிரி. அவள் அதில் கை வைத்துப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் இடமில்லை. சுகமில்லாதவர்களையும் நாற்காலியோடு தூக்கி வந்திருந்தார்கள். முழங்கால் ஜெபத்தில் ஓலைச் சத்தம் வந்தது. அன்றைக்கு அது வாசல் பக்கமிருந்து வரவில்லை. சுவருக்கு வெளியே, ஜெபவீட்டைச் சுற்றிலும் கேட்டது. செப்பனியா மூப்பரின் ஜெபம் ஒரு இடத்தில் தடுமாறி நின்று, பிறகு வேகமாக ஆமெனுக்கு வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தபோது சன்னல்களின் கீழ்விளிம்பு வரைக்கும் பாய் மடிப்பு மடிப்பாக ஏறி நின்றது.

“என் வீட்டுக்குள்ளும் பாய் வந்தது,” என்றார் மூப்பர். “நான் அதை உங்களுக்கு மறைக்கவில்லை. என் வீட்டில் பொய் அறியாத வாய் ஒன்று உண்டு. இன்றைக்கு அது எல்லாருக்கும் முன்னால் பதில் சொல்லட்டும். அதன் பிறகு இதை நெருப்பில் போடுவோம்.” வழக்கமாக ஆண்கள் முதலில் வெளியே போவார்கள், அன்று யாரும் நகரவில்லை. தீப்பெட்டியும் மண்ணெண்ணெய்ப் புட்டியும் மல்கியாவின் மடியில் இருந்தன. லோவிசாள் மகளின் கையைப் பிடித்திருந்தாள், பிறகு விட்டாள்.

பெர்சியாள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வாசலுக்கு வந்தாள். வாசலில் பாய்க்கு மேலே கல்லில் வைத்த பலகை இருந்தது, பலகைக்கு அந்தப் பக்கம் வெயில் இருந்தது. தொற்காள் எட்டிப் பார்த்து, “பலகையில ஏறி நின்னு சொல்லு பிள்ள, கீழ கால் படாம,” என்றாள்.

திர்சாள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் குரல் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் இருந்த அதே குரலாக இருந்தது. எதையும் எதிர்பார்க்கிற குரலாக இல்லை.

“எம்பிள்ள கூப்பிட்டானா?”

மூப்பர் கண்ணை மூடிக்கொண்டார்.

பெர்சியாள் பலகையில் ஏறவில்லை. பாயில் திர்சாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூப்பிட்டான் என்றும், கூப்பிட்டது தன்னைத்தான் என்றும் சொன்னாள்.